வேதப்புத்தகத்தின் நடுத்தாளும் பூச்சி தின்ற ஓர் எண்ணும்

வாசகி கேள்வி:

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் பக்கம். பாட்டா காலத்து வேதப்புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் உள்ள வெற்றுத்தாளில் வீட்டுப் பிறப்பு இறப்பெல்லாம் எழுதியிருக்கிறார்கள். முதலில் வருவதெல்லாம் பாட்டா கையெழுத்து. பாட்டா இறந்ததை மட்டும் சின்ன அத்தை எழுதினார் என்று அம்மா சொல்வார். அந்த வரி: "1126 மீனம் _3 செவ்வாய் ராத்திரி அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்." 3-க்கு முன்னால் பூச்சி தின்றுவிட்டது. பாட்டி 1963-ல் இறந்ததும் கீழே இங்கிலீஷ் தேதியில் இருக்கிறது.

பாட்டா பெயரில் 62 சென்ட் விளை (தோட்ட நிலம்), பாட்டி பெயரில் கொஞ்சம் வயல். விளையை விற்கப் பேசியிருக்கிறோம். வாங்குகிறவரின் வக்கீல் பாட்டாவின் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார். தேடியதில் எங்கும் பதிவு இல்லை. அண்ணன் அந்தத் தேதி 13 என்கிறான். சின்ன அத்தை மகன் 23 என்கிறார். 23 என்றால் அத்தைக்குச் சம பங்கு உண்டாம். அந்தத் தாளை மட்டும் கிழித்து, மங்கிய எழுத்தைப் பேனாவால் துலக்கி, லேமினேட் பண்ணிக் கொடுத்துவிடலாம் என்பது அண்ணனின் யோசனை. இந்தத் தாள் செல்லுமா? சின்ன அத்தைக்கு முன்னால் "ஆண் பிள்ளை, ஒன்பது நாள்" என்று பெயரில்லாமல் ஒரு வரி இருக்கிறது. வாரிசுப் பட்டியலில் அதையும் காட்ட வேண்டுமா?

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அண்ணன் கையிலிருந்து பேனாவை வாங்கி வையுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

13-ஆ 23-ஆ என்று இரண்டு வீட்டாரும் அந்த ஓட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓட்டைக்கு அடுத்த சொல்லை யாரும் படிக்கவில்லை. "செவ்வாய் ராத்திரி" என்று எழுதியிருக்கிறது. விடை அங்கேயே இருக்கிறது.

தாளில் உள்ள 1126 கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. அது சிங்கம் ஒன்றில், அதாவது ஆவணிப் பிறப்பில் தொடங்கும். சிங்கம் முதல் தனு (மார்கழி) பாதிவரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்த பிறகு சிங்கம் வரும்வரை 825. மீனம் என்பது நம் பங்குனி. எனவே 1126 மீனம் என்பது 1951 மார்ச், ஏப்ரல். அந்த வருஷம் மீனம் முதல் தேதி மார்ச் 15-ல் வந்தது. அப்படியானால் மீனம் 3 மார்ச் 17, சனிக்கிழமை. மீனம் 13 மார்ச் 27, செவ்வாய். மீனம் 23 ஏப்ரல் 6, வெள்ளி. மலையாளப் பஞ்சாங்கத்துக்கும் தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கும் மாதப் பிறப்பு சில வருஷம் ஒரு நாள் முன்பின்னாகும். அப்படி ஒரு நாள் தள்ளிப் பார்த்தாலும் 23 வியாழனுக்கோ சனிக்கோ போகுமே தவிர செவ்வாய்க்கு வராது. ஆகவே உங்கள் பாட்டா இறந்தது 1951 மார்ச் 27, செவ்வாய் இரவு. நடு இரவுக்கு அப்பால் என்றால் இங்கிலீஷ் கணக்கில் 28. அந்தக் காலத்தில் விடியும்வரை செவ்வாய் ராத்திரிதான்.

இந்த 824, 825 கணக்கில் தடுமாறாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் சின்ன அத்தையின் பிறப்பு "1112 விருச்சிகம்" என்று இருக்கிறது. பக்கத்தில் அண்ணன் பென்சிலால் 1937 என்று குறித்திருக்கிறார். கார்த்திகை மாதத்துக்கு 824 தான் கூட்ட வேண்டும். அத்தை 1936-ல் பிறந்தவர். அந்தப் பென்சில் குறிப்பை அழிக்கவும் வேண்டாம். யார், எப்போது, ஏன் குறித்தார் என்று தனித்தாளில் எழுதி வையுங்கள். அழித்த தடம் பென்சிலைவிட மோசம்.

பத்து நாள் வித்தியாசத்துக்கு இத்தனை சண்டை ஏன் என்று பிள்ளைகள் கேட்கலாம். நடுவில் 1951 ஏப்ரல் 1 நிற்கிறது. நம் பகுதி அன்று பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களின் சொத்துக்கு 1092-ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம். பெயரிலேயே கொல்லம் ஆண்டு, இங்கிலீஷில் 1916. உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது சீதனம். அதுவும் கல்யாணத்தின்போது கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ இருந்தால் அதோடு சரி. விதவைக்கு உயிருள்ளவரை அனுபவ உரிமை மட்டும். 1951 ஏப்ரல் 1-ல் மத்திய அரசின் சட்டம் ஒன்று பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கும் வந்தது. அதோடு 1092 சட்டம் போய், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தரும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டதா என்பதில் வெகுகாலம் தகராறு. சென்னை உயர் நீதிமன்றமே 1970-களில் இரண்டு விதமாகச் சொன்னது. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரியில்தான் முடித்து வைத்தது: 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே.

சொத்து இறங்குவது இறந்த நாளில். அன்றைக்கு எந்தச் சட்டம் இருந்ததோ அதுதான் பேசும். அத்தை மகனுக்கு யாரோ சொன்ன சட்டம் சரி, தேதிதான் தவறு. ஏப்ரல் 6 என்றால் விளையில் அத்தைக்குச் சம பங்கு. மார்ச் 27 என்றால், ஐந்து நாள் வித்தியாசத்தில், பழைய சட்டம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது சட்டத்தை.

இதைப் படித்து அண்ணன் துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்தப் பழைய சட்டத்துக்குள்ளேயே விதிவிலக்கு உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரிக்கும் வழக்கமுள்ள லத்தீன் கத்தோலிக்கரிலும் சில புராட்டஸ்டன்டு பிரிவினரிலும் அதன் சீதனப் பிரிவுகள் செல்லாது. உங்கள் குடும்பம் எதில் வரும், இடையில் பாகப்பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதினார்களா, அத்தைகளுக்குச் சீதனம் என்று எதைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் பார்க்காமல் விளை யாருக்கு என்று நான் இங்கிருந்து தீர்ப்பெழுத முடியாது. வில்லங்கச் சான்று போட்டு, பழைய பத்திரங்களை எடுங்கள். 1956-க்கு முந்தியவை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும்; படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் யாரையாவது பிடியுங்கள். அரைகுறையாகப் படித்து யூகிக்காதீர்கள்.

வயல் கதை வேறு. அது பாட்டியின் சொந்தப் பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். பாட்டி இறந்தது 1963. அங்கே 1092 சட்டத்துக்கு இடமே இல்லை. பிள்ளைகள் எல்லாருக்கும் சம உரிமை; இறந்தவர் இருந்தால் அவர் பங்கு அவர் பிள்ளைகளுக்கு. சின்ன அத்தை கையெழுத்தில்லாமல் அந்த வயலை யாரும் முழுதாக விற்க முடியாது. ஒரே தாளில் மேல் வரி உங்களுக்குச் சாதகம், கீழ் வரி அத்தைக்குச் சாதகம். அந்தத் தாளைக் கிழிக்க நினைப்பவர் இதையும் யோசிக்கட்டும்.

இனி, தாள் செல்லுமா என்ற கேள்வி. செல்லும். ஆனால் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக அல்ல, சாட்சியாக. இறந்துபோன ஒருவர், குடும்ப உறவு பற்றித் தமக்கு நேரடியாகத் தெரிந்ததை, தகராறு எழுவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தால் நீதிமன்றம் அதை ஏற்கலாம். 1872 சாட்சியச் சட்டத்தில் இது 32-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 26-ஆம் பிரிவு. மகன் பிறந்ததை அப்பா நண்பருக்குத் தெரிவித்த கடிதம், மகள் கல்யாணத்தை அப்பா குறித்து வைத்த குறிப்பேடு, இவையெல்லாம் பழைய சட்டமே தரும் உதாரணங்கள். கல்லறைக் கல்லையும் குடும்பப் படத்தையும்கூட அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. பாட்டா தம் பிள்ளைகளின் பிறப்பை எழுதிய வரிகள் இதில் அழகாகப் பொருந்தும்.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி "தகராறுக்கு முன்" என்பது. அந்தத் தாளுக்கு மதிப்பு வந்ததே, எழுதியபோது யாருக்கும் விளையைப் பற்றிய நினைப்பு இல்லை என்பதால்தான். இன்றைக்கு அண்ணன் ஒரு கோடு இழுத்தால், அது சரியான கோடாகவே இருந்தாலும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கோட்டை மட்டுமே பேசுவார். "இந்த ஒன்று எப்போது எழுதியது?" என்ற ஒரே கேள்வியில் முழுத்தாளும் போய்விடும். பொய் ஆவணம் உண்டாக்கிய குற்றம் வேறு தலையில் ஏறும்.

கிழிப்பதும் அதே கதிதான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் ஒற்றைத்தாளை பளபளவென்று லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தார். நீதிபதி இரு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "புத்தகம் எங்கே?" என்றார். புத்தகம் பழைய பேப்பர்காரனிடம் போயிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால் அதன் கையெழுத்தை உண்மை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், கட்டாயமில்லை, அனுமானிக்கலாம். புத்தகத்தோடு இருந்தால் அது வீட்டு வேதப்புத்தகம். கிழித்தால் எங்கிருந்து வந்ததென்று தெரியாத வெறும் தாள்.

தலைப்புப் பக்கத்தையும் பாருங்கள். அச்சான வருஷம் இருக்கும். எழுதிய முதல் பிறப்பு அதற்கு முந்தியதாக இருந்தால், அந்த வரிகளை வேறெங்கிருந்தோ பார்த்து எழுதினார்கள் என்று பொருள். அதனால் அவை பொய்யாகிவிடாது. ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும். உங்கள் படத்தில் மை நாலைந்து நிறத்தில் இருக்கிறது, எழுத்தும் போகப்போக நடுங்குகிறது, 1956-க்குப் பிறகு மீனமும் மேடமும் போய் மார்ச்சும் ஏப்ரலும் வருகின்றன. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததுகூட அந்தத் தாளில் தெரிகிறது. அவ்வப்போது எழுதியது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதிய பட்டியலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

சிக்கல் ஒன்று உண்டு. பாட்டா இறந்த வரியை எழுதியது சின்ன அத்தை, அவர் உயிரோடிருக்கிறார். 26-ஆம் பிரிவு இறந்தவர் எழுத்துக்கு. எழுதியவர் இருக்கும்போது தாள் பேசாது, அவர்தான் பேச வேண்டும். அவர் சாட்சிக் கூண்டில் தாளைப் பார்த்து நினைவைத் துலக்கிக்கொள்ளலாம். பதினாலு வயதுப் பெண் அப்பா இறந்த வீட்டில் உட்கார்ந்து எழுதிய வரி அது. இன்றைக்கு அவருக்கு எண்பத்தெட்டு தாண்டிவிட்டது. அதனால் மற்ற வேலைகளுக்கு முன் அத்தையைப் போய்ப் பாருங்கள்.

சான்றிதழுக்கு வழி இது. பதிவு இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. பதிவாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருஷம் கடந்த பிறப்பு இறப்பைப் பதிய 1969 சட்டத்தின் 13-ஆம் பிரிவில் உத்தரவு வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பின் அது வருவாய்த் துறையின் வேலை. உங்களுக்குப் பத்மநாபபுரம் கோட்டம். அங்கே வேதப்புத்தகத்தைவிட எடை அதிகம் உள்ளது சபையின் அடக்கப் பதிவேடு. நம் மாவட்டத்து மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே வந்தது 1806-ல். நம் பக்கத்தில் பல ஊர்களில் சர்க்கார் ஏட்டைவிடச் சபை ஏடு பழையது. ஆனால் இன்று தனிச் சேகரமாக (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டமாக) இருக்கும் உங்கள் சபை 1951-ல் வேறொரு சேகரத்தின் கிளையாக இருந்திருக்கலாம். ஆயர் "இங்கே இல்லை" என்றதும் திரும்பிவிடாமல், அப்போது எந்தச் சேகரம் என்று கேட்டு அங்கே போங்கள். ஏட்டில் இருப்பது அடக்கம் பண்ணின தேதியாக இருக்கும். செவ்வாய் இரவு இறந்தவரைப் புதன் அன்று அடக்கியிருப்பார்கள். 28 என்று இருந்தால் முரண் இல்லை, பொருத்தம். ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொண்டு குழம்புவதும் இதே வகைப் பிழை. கல்லறைத் தோட்டத்தில் பாட்டாவுக்குக் கல் இருந்தால், சுரண்டாமல், வெறும் தண்ணீர் தெளித்துப் படமெடுங்கள். பள்ளிச் சான்றிதழ்களை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அந்தத் தலைமுறையில் பாதிப் பேரை மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறக்க வைத்தது தலைமை ஆசிரியர்தான்.

புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. செல்லோடேப் வேண்டாம், பசை வேண்டாம், வெயிலில் காய வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் குருத்தோலை, மயிலிறகு, சந்தா ரசீது எல்லாம் தாளில் கறையேற்றும். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு வெளியே எடுத்து ஒரு கவரில் போடுங்கள். பூச்சி மருந்து உருண்டை காகிதத்தில் படக்கூடாது. நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம்; வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரம் ஏறும், ராமபாணப் பூச்சி அங்கேதான் குடியிருக்கும். துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, நிமிர்த்தி வைக்காமல் படுக்க வையுங்கள். மங்கிய வரியைப் படிக்க, இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பேனா அழுத்திய பள்ளம் நிழலாக எழும். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் பழைய இரும்பு மை கறுப்பாகத் தெரியும். ஓட்டையின் ஓரத்தில் ஒன்றின் கோடா இரண்டின் வளைவா என்று ஒரு துணுக்கு மிச்சம் இருந்தாலும் இதில் அகப்படும். அத்தை மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். தலைப்புப் பக்கம் தொடங்கி எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மூலம் இப்போது எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். வழக்கு என்று வந்து நீதிமன்றத்தில் கொடுத்தாலும், மேல்முறையீடெல்லாம் முடிந்த பின் மனுப் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

ஒன்பது நாள் குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். பாட்டாவுக்கு முன்பே, சந்ததி இல்லாமல் இறந்ததால் அதற்குப் பங்கு இல்லை. பங்குக் கணக்கில் வராது. ஆனால் பிறந்த பிள்ளைகளின் பட்டியல் எழுதும்போது "சிறு வயதில் இறந்தது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தாளில் இருப்பது உங்கள் பட்டியலில் இல்லையென்றால், வேறு எதை மறைத்தீர்கள் என்று கேட்பார்கள்.

அத்தையிடம் போகும்போது அண்ணனும் வரட்டும், அத்தை மகனும் இருக்கட்டும். விளையைப் பற்றி முதலில் பேச வேண்டாம். "பாட்டா செத்தது மார்ச் மாதம்தானே, ஈஸ்டருக்கு அடுத்துத்தானே?" என்று வாயில் வார்த்தையைப் போட்டுக் கொடுக்காதீர்கள். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 25. இறந்தது அதற்கு இரண்டாம் நாள். அதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். "பாட்டா இறந்தப்போ பக்கத்தில் என்ன பண்டிகை, அத்தை?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லும் விதத்திலேயே, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரமாக எழுதலாம். கண் தெரிந்தால் தாளை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் நீங்கள் படித்துக் காட்டுங்கள், மேலிருந்து வரிசையாக, அந்த ஒன்பது நாள் வரியையும் விடாமல். அது அவருக்கு நேர் மூத்த பிள்ளை. அம்மா சொல்லி ஏதாவது கேட்டிருப்பார்.